பள்ளிக்கூடத்தில் போலீசு

பள்ளிக்கூடத்திற்குள் போலீசுக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்டால், பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் என்கிறார்கள். சரி, காப்பாற்றட்டும். ஆனால் எந்த அதிகாரத்தைக்கொண்டு அவன் பிள்ளையின் பைக்குள் கை விடுகிறான் என்பதே நாம் கேட்பது.

அமெரிக்காவில் ஒரு 14 வயதுப் பெண் பள்ளிக்கூடக் கக்கூசில் சிகரெட்டுப் பிடித்தாள் என்று உதவித் தலைமை வாத்தியார் அவள் கைப்பையைச் சோதித்தார். 1985-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டார், வாத்தியாருக்கு வாரண்டு வேண்டாம், நியாயமான சந்தேகமே போதும் என்றார்கள். போலீசுடன் சேர்ந்து செய்யும் சோதனையைப்பற்றி இதில் ஒன்றும் தீர்மானிக்கவில்லை என்றும் எழுதி வைத்தார்கள். அப்படியிருந்தும் நடந்ததென்ன? கீழ்க்கோர்ட்டுகள் பல, பள்ளிக்கூடத்தில் நிறுத்திய போலீசுக்காரனுக்கும் அந்தச் சலுகையையே தூக்கிக் கொடுத்துவிட்டன! துப்பாக்கியும் விலங்கும் வைத்திருப்பவன் எப்படி ஐயா வாத்தியாராவான்? வாத்தியாருக்குள்ள சலுகை வேண்டுமானால் துப்பாக்கியைக் கழற்றி வைக்கட்டும். போலீசாகவே இருப்பதானால் போலீசுக்குள்ள கட்டுக்கு அடங்கட்டும்.

2005-ல் வட கரோலினாவில் 13 வயதுப் பையன் ஒருவனை வகுப்பிலிருந்து போலீசு கூட்டிக்கொண்டுபோய், கதவைச் சாத்திய அறையில் அரை மணிக்குக் குறையாமல் விசாரித்தார்கள். வளர்க்கும் பாட்டிக்கும் தகவலில்லை. நீ எழுந்து போகலாம் என்று முதலில் சொல்லவுமில்லை. காவலில் இருந்தானா என்று பார்க்கும்போது பையனுடைய வயதையும் கவனிக்கவேண்டும் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டார் சொன்னார்கள். இவ்வளவு சாதாரண விஷயத்துக்கும் ஒன்பது பேரில் நால்வர் ஒப்பவில்லை!