விட்டு வந்தவர்களும் வேண்டி நிற்பவர்களும்

குயிலாப்பாளையம் சின்ன ஊர்தான். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து மேற்கே திரும்பினால், ஆரோவில் போகும் வழியில் இந்த ஊர் வரும். செம்மண் பூமி. முந்திரி மரங்கள் நிறைந்த பக்கம்.

1968-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி ஆரோவில் தொடங்கப்பட்டது. அதன் பிறகு இந்த ஊர் மக்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். பணக்கார நாடுகளில் பிறந்தவர்கள் கடல் கடந்து வந்தார்கள். கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு குடியிருந்தார்கள். மரம் நட்டார்கள். சைக்கிளில் போனார்கள். அங்கே நிலமும் வீடும் தனி மனிதருக்குச் சொந்தம் இல்லை என்பது ஏற்பாடு.

கீற்று வீட்டிலேயே பிறந்து, கீற்று வீட்டிலேயே வளர்ந்தவர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்?

"அவர்கள் எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டு விட்டுவிட்டார்கள். எங்களுக்கு முதலில் ஒரு மெத்தை வீடு வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டால், அது தப்பா?

தப்பே இல்லை.

ஆரோவில் எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல. அதைப் பற்றி எழுதுவது இன்று நமது நோக்கமும் அல்ல. ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே, அது பழைய கேள்வி. பொருளை விட்டால் மனம் நிறையும் என்று சொல்கிற எல்லா மதங்களும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்கக் கிறிஸ்தவ மதம் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது? அதை நம் தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து பார்த்தவர்கள் சிலர் உண்டு. ஆரோவில் பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, தெற்கே காவிரிக் கரையில் குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

காவிரிக் கரையில் இரண்டு பேர்

கரூர் மாவட்டம் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளி என்ற கிராமம். அங்கே ஒரு மாந்தோப்பு. 1950-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, பிரெஞ்சுக்காரர்களான இரண்டு கத்தோலிக்கத் துறவிகள் அந்தத் தோப்பில் ஓர் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அதற்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர். சாந்திவனம் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும்.

இருவரும் காவி உடுத்தினார்கள். வெறுங்காலோடு நடந்தார்கள். பாயில் படுத்தார்கள். மரக்கறி உணவு. அதையும் நம்மைப் போல் தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டார்கள்.

மூத்தவர் பெயர் ஜூல்ஸ் மோன்ஷனின். 1895-ல் பிறந்தவர். பெரிய படிப்பாளி. அவருடைய அறிவைக் கண்டு பிரான்சில் படித்தவர்களே வியந்தார்கள். டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், அதைப் பாதியில் விட்டுவிட்டு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வசிக்கும் ஊருக்கு என்னைப் பாதிரியாராக அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். 1932-ல் கடும் நோயில் விழுந்தார். பிழைத்து எழுந்தால் இந்தியாவுக்கே என் வாழ்வு என்று நேர்ந்துகொண்டார். பிழைத்தார். 1939-ல் வந்தார். அப்போது அவருக்கு வயது 44.

இளையவர் பெயர் ஹென்றி லெ சோ. 1910-ல் பிறந்தவர். புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1948-ல் இங்கே வந்து சேர்ந்தார். அபிஷிக்தானந்தர் என்று பிற்காலத்தில் பெயர் பெற்றவர் இவர்தான். 1949-ல் இருவரும் திருவண்ணாமலை போய் ரமண மகரிஷியைத் தரிசித்தார்கள். அந்தச் சந்திப்பு இளையவரின் மனத்தைக் கடைசிவரை விடவில்லை. பிறகு பல முறை அந்த மலைக் குகைகளில் போய்த் தங்கினார்.

இதுவரை சொன்னது, வசதியை விட்டு வந்தவர்களின் கதை. இதைக் கேட்டுக் குயிலாப்பாளையத்துக்காரர் ஆச்சரியப்பட மாட்டார். இப்படிப் பலரை அவர் பார்த்திருக்கிறார்.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

இருவரும் ஒரு பெரிய ஆசையோடு அந்தத் தோப்பில் உட்கார்ந்தார்கள். தமிழ் இளைஞர்கள் வருவார்கள், சேர்ந்து தவம் செய்வார்கள், ஆசிரமம் தழைக்கும் என்பது ஆசை. ஆண்டு ஒன்று போயிற்று. இரண்டு போயிற்று. ஏழு ஆண்டுகள் போயின. சிலர் வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். நிலையாகத் தங்கிய சீடர் இல்லை.

மூத்தவருக்கு உடல் நலிந்தது. சிகிச்சைக்காகப் பிரான்சுக்குக் கொண்டு போனார்கள். 1957-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பாரிஸ் நகரில் காலமானார். தாம் நட்ட செடி காய்த்ததை அவர் பார்க்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். வீட்டை விடலாம். பட்டத்தை விடலாம். நல்ல சாப்பாட்டையும் விடலாம். "இவ்வளவையும் விட்டேனே, பலன் எங்கே?" என்று கேட்கிற மனத்தை விடுவதுதான் கஷ்டம். அந்தக் கேள்வியும் ஒரு சொத்துதான். இரும்புப் பெட்டியில் வைக்க முடியாத சொத்து. நம் வீடுகளில் எத்தனை பேர் அதை வைத்துக்கொண்டு தவிக்கிறோம்! பிள்ளைக்குச் செய்தேன், தம்பிக்குச் செய்தேன், என்ன கண்டேன் என்று புலம்பாத வீடு உண்டா?

ஏசுநாதர் சொன்ன வறுமை இந்த இடம் வரை போகிறது என்பதே கத்தோலிக்கத் துறவிகள் கண்ட உண்மை.

பால் கறந்த பட்டதாரி

இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டும். இவர் ஆங்கிலேயர். பெயர் பீட் கிரிபித்ஸ். 1906-ல் பிறந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். படிப்பு முடிந்ததும், 1930-ல், இரண்டு நண்பர்களோடு ஒரு கிராமத்துக்குப் போனார். யந்திர நாகரிகமே வேண்டாம் என்று மூவரும் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். மாடு வைத்துப் பால் கறந்தார்கள். கஞ்சி குடித்தார்கள்.

மனம் நிறைந்ததா? இல்லை. சில மாதங்களில் அந்தக் கூட்டு வாழ்க்கை கலைந்துவிட்டது.

பொருளைக் குறைத்தால் போதும், நிறைவு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடத்தைக் காலி செய்தால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது. கிணற்றுக்கும் போக வேண்டும். அந்தச் சின்ன வீட்டில் மூவரும் தினமும் காலையில் பைபிளைப் படித்தார்கள். இலக்கியம் என்று நினைத்துத்தான் படிக்கத் தொடங்கினார்கள். கிரிபித்ஸின் மனத்தில் அது ஆழப் பதிந்தது. பெரிய மனப் போராட்டத்துக்குப் பிறகு, 1931-ல் கிறிஸ்துமஸ் சமயத்தில், அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பிறகு துறவியானார். 1955-ல் இந்தியாவுக்கு வந்தார்.

1968-ல், ஆரோவில் தொடங்கிய அதே ஆண்டில், சாந்திவனத்தை அபிஷிக்தானந்தர் இவரிடம் ஒப்படைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கட்டிக் காத்த இடம். அதையும் விட்டுவிட்டு இமயமலையில் உத்தரகாசிக்குப் போய்க் கங்கைக் கரையில் ஒரு குடிசையில் இருந்தார். 1973-ல் இந்தூரில் காலமானார்.

யாரும் தங்காத அந்தத் தோப்புக்கு, கிரிபித்ஸ் வந்த பிறகு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மூத்தவர் உயிரோடு இருந்து பார்த்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. அவருக்குத் தோன்றியிருக்காது என்று நினைக்கிறோம்.

அரண்மனையும் கீரையும்

இது வெள்ளைக்காரர்கள் சென்ற நூற்றாண்டில் கண்டுபிடித்த வழி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ராமநாதபுரம் சீமையில் ஓரியூர் என்றால் தெரியாதவர் உண்டா? அங்கே 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி தலை வெட்டுண்டு இறந்த அருளானந்தர், போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்தவர். இளவரசர் பேதுருவின் விளையாட்டுத் தோழர். தமிழ்நாட்டுக்கு வந்து பண்டார சுவாமி கோலத்தில் ஊர் ஊராக நடந்தார்.

ஒரு முறை சபை வேலையாக லிஸ்பனுக்கே திரும்ப நேர்ந்தது. விளையாட்டுத் தோழர் அப்போது அரசர். "இங்கேயே தங்கிவிடுங்கள்" என்றார் அரசர். அந்த ஊரிலும் அருளானந்தர் இந்த ஊர்ச் சாப்பாட்டை, இறைச்சி மீன் இல்லாத கீரை காய்கறிச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார். தங்கவில்லை. மறவர் சீமைக்கே திரும்பி வந்தார். இங்கே என்ன காத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

ஏழைக்கு என்ன பதில்?

சரி, முதல் கேள்விக்கு வருவோம். இல்லாதவனிடம் போய், "இருப்பதைக் கொண்டு திருப்தியாக இரு" என்று சொல்லலாமா?

கூடாது. அப்படிச் சொல்வதற்குக் கத்தோலிக்க மதமும் இடம் கொடுக்கவில்லை. 1891-ல் போப் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் விடுத்தார். தொழிலாளிக்கு அவன் குடும்பம் நடத்தப் போதுமான கூலி கிடைக்க வேண்டும், அவன் சங்கம் சேரலாம், நாலு காசு மிச்சம் பிடித்துச் சொந்த நிலமும் வாங்கலாம் என்பது அதன் சாரம். இல்லாமை வேறு. வேண்டாமை வேறு. பட்டினி கிடப்பவன் விரதம் இருப்பவன் ஆக மாட்டான்.

துறவி மடத்துக்குள்ளும் இதே கதைதான். ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய சட்டத்தில், ஒரு துறவி எழுதும் பேனாவைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. அதே சட்டத்தில், உடுப்பு, செருப்பு, கத்தி, ஊசி, பேனா எல்லாவற்றையும் மடத்துத் தலைவர் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. தேவை தீர்ந்த பிறகுதான் "எனக்கு" என்ற சொல்லை விடச் சொல்கிறார். இந்த வரிசை முக்கியம். முதலில் சோறு, பிறகு துறவு.

கத்தோலிக்கத் திருச்சபைக்கே நிலமும் கட்டடமும் இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தச் சபைக்குள்ளேயே அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அசிசி நகரத்து ஜவுளி வியாபாரி மகன் பிரான்சிஸ், ஊர் பார்க்கத் தன் உடுப்பையே கழற்றித் தகப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. 2013-ல் போப் ஆனவர் அவருடைய பெயரைத்தான் சூட்டிக்கொண்டார். போப்புகளின் மாளிகையில் குடியேறாமல் ஒரு விருந்தினர் விடுதி அறையிலேயே தங்கினார். 2025 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே கல்லறையில் பெயர் மட்டும் பொறித்தார்கள்.

இன்று குயிலாப்பாளையத்தில் கடைகள் பெருகிவிட்டன. பயணிகள் தங்கும் விடுதிகள் வந்துவிட்டன. கீற்று வீடு இருந்த இடத்தில் மெத்தை வீடு எழும்பியிருக்கிறது. நல்லதே. மழைக்கு ஒழுகாத கூரை எந்த மதத்துக்கும் விரோதம் இல்லை.

மெத்தை வீட்டுக்காரர் இனி என்ன கேட்பார்? பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்து இன்னொரு மாடி கேட்பாரா? தவணை கட்டி முடிவதற்குள் அடுத்த வண்டியா? மகள் கல்யாணத்துக்கு ஊர் மெச்ச வேண்டும் என்று இன்னொரு கடனா? கேள்வி இப்போது நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. இவ்வளவு காலம் அது வெளிநாட்டுக்காரர்களின் கேள்வியாக இருந்தது.

பீட் கிரிபித்ஸ் 1993-ம் ஆண்டு மே 13-ந் தேதி சாந்திவனத்தில் தம் குடிசையிலேயே காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஆசிரமம் இன்றும் நடக்கிறது. கோபுரம் வைத்த சின்னக் கோவில். சுற்றிலும் மரங்கள். சாப்பாட்டு நேரத்தில் போனால், யாராக இருந்தாலும் தரையில்தான் உட்கார வேண்டும்.