மண்வெட்டியும் குறிப்பேடும்

மொனராகலை, பதுளைப் பகுதிகளில் ‘தோட்டம்’ என்றால் பெற்றோர் நாட்சம்பளத்துக்கு உழைக்கும் இறப்பர், தேயிலை நிலங்களே பிள்ளைகளின் நினைவுக்கு வரும். ஆதலின், ‘பாடசாலையிலும் மண்வெட்டியா?’ எனத் தாயொருத்தி வினவின் அவ்வினா நியாயமே. 2022-ஆம் ஆண்டு உணவு நெருக்கடியின்போது, பயிர்செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது; பயிர்த்தொழிலின் அருமையை நாடே உணர்ந்தது. எனினும், விளைச்சல் வேறு, கல்வி வேறு. 1937-இல் காந்தியடிகள் முன்வைத்த வார்தாக் கல்வித் திட்டத்திலும், மாணவர் உழைப்பே பள்ளிச் செலவைத் தாங்கலாமென்ற பகுதி கண்டனத்துக்குள்ளாயிற்று. ஆசிரியர் இதனை மறத்தலாகாது. அவரை விதைத்த மாணாக்கர் முளைத்த நாளைக் குறிக்கட்டும், கொடியை அளக்கட்டும், நிழலில் நட்டதையும் வெயிலில் நட்டதையும் ஒப்பிட்டுக் காரணம் எழுதட்டும். காயையும் அவர்களே வீட்டுக்குக் கொண்டுசெல்லட்டும். குறிப்பேடில்லாத பாடசாலைத் தோட்டம் கூலியில்லா வேலையே என்பது என் துணிபு.