நெகிழ்வும் வலிமையே

கடினமானதே வலிமையானது என்னும் எண்ணம் நம்மிடம் ஊறியுள்ளது. அதனைக் களிமண்ணைக் கொண்டே ஆராயலாம்.

நல்லூரை அடுத்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குப் பிசையப்படும் களிமண் நுண்தகடுகளால் ஆனது. இடையிலுள்ள நீரால் அத்தகடுகள் வழுக்கி நகர்வதால், விரல் அழுத்தும் வடிவத்தை மண் ஏற்கிறது. சூளையில் 600 பாகை செல்சியசைக் கடந்து வெந்த மண் மீண்டும் நீரில் குழையாது. அது உறுதி பெறுகிறது. வடிவம் மாறும் ஆற்றலை இழக்கிறது. கைதவறினால் உடைகிறது.

அவ்வாற்றலை இழக்காமலே உழைப்பனவும் உள்ளன. எலும்பற்ற யானைத் துதிக்கை மரத்தைத் தூக்கும், நிலக்கடலையையும் எடுக்கும். தொட்டாற்சிணுங்கியின் காம்படிச் செல்களிலிருந்து நீர் வெளியேற இலை மடிகிறது. நீர் திரும்பியதும் விரிகிறது. 2016ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் ‘ஆக்டோபாட்’ என்னும் மெல்லுடல் எந்திரனை உருவாக்கினர். ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைந்து வெளிவிடும் வாயு, அதன் சிலிக்கோன் கால்களை உப்பச்செய்து அசைக்கிறது.

தூணும் பாலமும் விறைப்பாகவே இருத்தல் வேண்டும், மறுப்பில்லை. ஆனால், கனிந்த தக்காளியைப் பறிக்கவும் நோயாளியின் உடலைத் தாங்கவும் இரும்புக்கரத்தைவிட நெகிழும் கரமே ஏற்றது. ஆகவே, இரும்பும் கற்காரையும் மட்டுமே பொறியியல் எனக் கருதுவது குறைநோக்காகும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசு நிறுவனம் உள்ளது. மண்ணை நன்கறிந்த இம்மண்ணின் இளைஞர், சூளையின் உறுதியோடு நெகிழ்வின் அறிவியலையும் கற்க முன்வர வேண்டும்.