சைக்கிளில் ஏற அவசரமும் வேண்டாம், பயமும் வேண்டாம்!

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எனக்குத் தெரிந்த மீன் வியாபாரி ஒருவர் இருக்கிறார். விடியும் முன்பே கரைக்குப் போய் மீன் எடுப்பார். பெட்டியைச் சைக்கிளில் கட்டுவார். ஊர் ஊராக மிதிப்பார். மீன் விற்றால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

ஒரு மாதமாக அவரைக் காணவில்லை. ஒரு நாள் தெருவில் நடந்து வந்தார். வியப்பாக இருந்தது. சைக்கிள் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

"என்ன அண்ணாச்சி, வண்டியைக் காணோமே?" என்று கேட்டேன்.

"பித்தப்பையில கல்லுன்னு சொன்னாவ தம்பி. பையையே எடுத்துட்டாவ. புண்ணு ஆறிப்போச்சேன்னு பத்தாம் நாள் பெட்டியைக் கட்டிக் கிளம்பிட்டேன். தொப்புள் பக்கத்துல சுருக்குன்னு இழுத்துச்சு. மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குடல் ஒண்ணும் இறங்கல, தசைதான் இழுத்திருக்கு, கொஞ்ச நாள் பாரம் கட்டாதேன்னாரு டாக்டர். ஆனா வீட்டுல வண்டியைப் பூட்டிச் சாவியை ஒளிச்சு வச்சுட்டாவ. பித்தப்பை இல்லாத ஆளு இனிமே சைக்கிளே மிதிக்கக் கூடாதாம். அத்தை சொல்லுதாவ."

இங்கே நடந்தவை இரண்டு தவறுகள். ஒன்று அண்ணாச்சியின் அவசரம். மற்றொன்று அத்தையின் பயம். பித்தப்பை ஆபரேஷன் நடந்த பல வீடுகளில் இந்த இரண்டையும் பார்க்கலாம்.

அத்தையின் பயம் சரியா?

முதலில் அதைப் பார்ப்போம்.

பித்த நீரை உண்டாக்குவது பித்தப்பை அல்ல, கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், ஒரு லிட்டர் வரைகூட அது பித்த நீர் சுரக்கிறது. எண்ணெயும் கொழுப்பும் செரிக்க அது வேண்டும். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் சிறு தொட்டி. அவ்வளவுதான். மொட்டை மாடித் தொட்டியை எடுத்துவிட்டால், குழாய்த் தண்ணீர் நேரே வீட்டுக்குள் வரும் அல்லவா? அதுபோலப் பித்த நீர் நேரே குடலுக்குள் இறங்கும்.

சிலருக்குச் சில வாரங்கள் வயிறு இளகிப் போகும். ஆகையால் முதலில் இட்லி, ரசம் சாதம், குழம்பு மீன் என்று எளிதாகச் சாப்பிட வேண்டும். பொரித்த பரோட்டா கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். பிறகு பெரும்பாலோர் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பித்தப்பை இல்லாததால் கால் பலம் குறையாது. மூச்சும் குறையாது. ஆகவே, "ஆயுள் முழுவதும் சைக்கிள் கூடாது" என்பது தவறு. வேலைக்காரனை வீட்டில் உட்கார வைத்தால், உடம்போடு மனமும் தளர்ந்துவிடும்.

அண்ணாச்சி ஏமாந்தது எதில்?

முத்துச் சிப்பியை நம் கரையில் அறியாதவர் இல்லை. உடலுக்குள் புகுந்த வேண்டாத பொருளைச் சுற்றிச் சிப்பி பூச்சுக்கு மேல் பூச்சாகப் பூசுகிறது. முத்து விளைகிறது. பித்தப்பைக்குள்ளும் இப்படித்தான். பித்த நீரில் உள்ள கொழுப்பும் நிறப்பொருளும் சிறுகச் சிறுகப் படிந்து கல்லாகின்றன. முத்துக்கு விலை உண்டு. இந்தக் கல்லுக்கு வலிதான் உண்டு!

1882-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்ற டாக்டர் ஒரு நோயாளியின் பித்தப்பையை முதன்முதலாக முழுவதும் அகற்றினார். கல்லை மட்டும் எடுத்தால் பை மறுபடியும் கல்லை உண்டாக்கும் என்பது அவர் கருத்து. அதன் பிறகு நூறு ஆண்டுகள், வயிற்றைப் பெரிதாகக் கீறியே இந்த ஆபரேஷனைச் செய்தார்கள். 1965-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனுக்கு இப்படித்தான் நடந்தது. அவர் சட்டையைத் தூக்கிப் பத்திரிகைக்காரர்களுக்குத் தழும்பைக் காட்டினார். விலா எலும்புக்குக் கீழே நீளமான தழும்பு! அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது.

1985-ம் ஆண்டு ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற டாக்டர், சிறு துளை வழியாகக் கருவியை விட்டுப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1990-ம் ஆண்டு பம்பாயில் டாக்டர் தெஹம்டன் உட்வாடியா இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இன்று பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சிறு துளைகள்தான். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். வயிற்றை ஊதவைக்கும் வாயுவால் தோள்பட்டை ஓரிரு நாள் வலிக்கும். பிறகு போய்விடும்.

இங்கேதான் ஏமாற்றம்! ஜான்சன் போன்ற தழும்பு இருந்தால் யாரும் பத்தாம் நாள் பெட்டி கட்ட மாட்டார்கள். துளை சிறிதாக இருப்பதால் ஆபரேஷனும் சிறிது என்று நினைத்துவிடுகிறோம். தோல் ஒரு வாரம், பத்து நாளில் ஒட்டிவிடும். அதன் அடியில் உள்ள தசைச் சுவர் கெட்டிப்பட இன்னும் பல வாரங்கள் ஆகும். பையைப் பெரும்பாலும் தொப்புள் அருகே உள்ள துளை வழியாக வெளியே எடுப்பார்கள். அந்த இடம் ஆறும் முன் பாரம் ஏறினால், அங்கே குடல் பிதுங்க வாய்ப்பு உண்டு. பிறகு அதற்கு ஓர் ஆபரேஷன்!

மிதிப்பதா, தூக்குவதா?

அண்ணாச்சியிடம் ஒன்று கேட்டேன். "வலி எப்போது வந்தது?"

"மிதிக்கையில வரல தம்பி. பெட்டியோட வண்டியை ஸ்டாண்டுல ஏத்தினேன் பாரும், அப்பத்தான்!"

இதுதான் விஷயம். சமமான சாலையில் மெதுவாக மிதிப்பது வயிற்றுக்குப் பெரிய வேலை இல்லை. பின்னால் ஐம்பது கிலோ பெட்டி கட்டிய சைக்கிளை முக்கித் தூக்கி ஸ்டாண்டில் ஏற்றுவதுதான் பெரிய வேலை. பார் வண்டியில் காலைச் சுழற்றி ஏறுவது, மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிப்பது, எதிரே வீசும் கச்சான் காற்றோடு மல்லுக்கட்டுவது, குழியில் இறங்கிக் குலுங்குவது, இவையும் அப்படியே.

ஆகவே திரும்புவதற்கு ஒரு வரிசை வேண்டும்.

முதல் நாளே எழுந்து வீட்டுக்குள் நடக்கலாம். படுத்தே கிடப்பதுதான் கெடுதல். பிறகு தெருவில் நடை. துளை ஆபரேஷன் என்றால், ஒன்றிரண்டு வாரத்தில் இலேசான வேலைக்குப் பலர் திரும்புகிறார்கள். டாக்டர் சரி என்றதும், காலிச் சைக்கிளில் கடற்கரைச் சாலைபோல் சமமான இடத்தில் பத்து நிமிடம் மிதிக்கலாம். வலி இல்லையென்றால் நாளுக்கு நாள் கூட்டலாம். சட்டென்று பிரேக் பிடிக்கவும், திரும்பிப் பார்க்கவும், தடுமாறினால் காலை ஊன்றவும் முடிகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே போக்குவரத்துள்ள சாலைக்கு வர வேண்டும். தூக்கம் தரும் வலி மாத்திரை சாப்பிடும் நாளில் சைக்கிள் கூடாது.

பாரம் கடைசியில்தான். நான்கு முதல் ஆறு வாரம் வரை பாரம் வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். வயிற்றைக் கீறி ஆபரேஷன் செய்தவர்களுக்கு இன்னும் அதிக நாள் ஆகும்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது, "சைக்கிள் விடலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். டாக்டர் உலாவப் போவதாக நினைத்துக்கொள்வார். "ஐம்பது கிலோ கட்டி இருபது கிலோமீட்டர் மிதிப்பேன் ஐயா" என்று சொல்லுங்கள். அப்போதுதான் சரியான பதில் கிடைக்கும்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்துப் போதல், துளையில் சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கயிறு பிடிப்பவர் யார்?

"ஆறு வாரம் பாரம் கட்டாவிட்டால் அரிசிக்கு என்ன வழி?" என்று அண்ணாச்சி கேட்பார். நியாயமான கேள்வி. பத்தாம் நாள் அவரைச் சைக்கிளில் ஏற்றியது அறியாமை மட்டும் அல்ல, அடுப்பும்தான். "ஓய்வு எடு" என்று சொல்வது எளிது. அந்த ஓய்வுக்கு அரிசி போடுவது யார்?

இந்தக் கடலில் 1961-ம் ஆண்டுவரை முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்பவர் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு பிடிப்பது மச்சான்தான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கை தாலிக்கு அண்ணன்தானே காவல்! கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். இருவரில் ஒருவர் தவறினாலும் ஆபத்து.

ஆபரேஷன் முடிந்தவரும் கடலுக்குள் இறங்கியவர் மாதிரிதான். ஆறு வாரம் கயிறு பிடிக்க ஆள் வேண்டும். மச்சானோ தம்பியோ அந்தப் பெட்டியைச் சுமக்கலாம். கடன் கொடுத்த வியாபாரி தவணையைத் தள்ளிப் போடலாம். உப்பளத்திலும் கிட்டங்கியிலும் மூட்டை தூக்குபவருக்கு, முதலாளி அந்த நாட்களில் கணக்கு எழுதும் வேலை, காவல் வேலை கொடுக்கலாம். ஆறு வாரம் பொறுத்தால் ஆள் முழுசாகத் திரும்புவார். பொறுக்காவிட்டால் குடல் இறங்கி, ஆறு மாதம் போகலாம்.

பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அவர்களுக்குச் சைக்கிள் பெட்டி இல்லை. தண்ணீர்க் குடம் இருக்கிறது, உப்புக் கூடை இருக்கிறது, இடுப்புப் பிள்ளை இருக்கிறது. மூன்றாம் நாளே குடத்தைத் தூக்கும் பெண்ணை, "அவசரப்படாதே" என்று யாரும் தடுப்பதில்லை. அவளுக்கும் கயிறு பிடிக்க ஆள் வேண்டும். அது அவள் கணவனின் வேலை.

சென்ற வாரம் அண்ணாச்சியை மறுபடியும் பார்த்தேன். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தார். அத்தை சாவியைக் கொடுத்துவிட்டாராம். காலிச் சைக்கிளில் மெதுவாகப் போனார். பக்கத்துச் சைக்கிளில் அவர் மச்சான். மீன் பெட்டி மச்சானின் வண்டியில் இருந்தது.

"இன்னும் ரெண்டு வாரம் தம்பி. பெறவு பெட்டி என் வண்டிக்கு வந்துரும்" என்றார் அண்ணாச்சி.

மணியை அடித்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே போனார்கள்.