பழைய மடிக்கணினி எழ மறுக்கிறதா? ஃபார்மேட்டுக்கு அவசரப்படாதீர்கள்

"அண்ணே, லேப்டாப்பைத் திறந்தா லைட் எரியுது, காத்தாடி சுத்துது, வின்டோஸ் மட்டும் வரமாட்டேங்குது. கடையில ஃபார்மேட் பண்ணணும்னு சொல்றாங்க. பண்ணிடவா?"

சென்ற மாதம் ஜாசின் பக்கத்திலிருந்து ஒரு தங்கை அழைத்துக் கேட்டார். "உள்ளே என்ன இருக்கும்மா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவருடைய அம்மா கலந்துகொண்ட கடைசி மாசி மகத்தின்போது, செங் சன்னாசிமலையில் குடும்பமாக எடுத்த படங்கள் இருக்கின்றனவாம். தோட்டத்து லயத்தை உடைப்பதற்கு முன், அப்பா வாசலில் நின்ற படமும் அதில்தான். வேறெங்கும் பிரதி இல்லை.

"அப்படின்னா எதையும் அழிக்க விடாதம்மா. இங்கே கொண்டு வா" என்றேன்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, பிள்ளைகளின் இணையவழிப் பாடத்துக்காகப் பல வீடுகளில் பழைய மடிக்கணினி வாங்கினோம். பள்ளி திறந்ததும் அவற்றில் பல அலமாரிக்குப் போய்விட்டன. இந்தத் தங்கையின் கணினியும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் கிடந்திருக்கிறது.

ஒன்றை மனத்தில் வையுங்கள். கணினி தொடங்காமல் போவது வேறு. கோப்புகள் அழிவது வேறு. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் வின்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களே தடுமாறின. ஆனால் அந்தக் கணினிகளில் இருந்த கோப்புகள் அழிந்துவிடவில்லை. பல இடங்களில் சேஃப் மோடில் நுழைந்து, பிழையான ஒரே ஒரு கோப்பை நீக்கியதும் கணினி எழுந்தது.

உங்கள் கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

விளக்கே எரியாவிட்டால்: வேறொரு சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். இரவல் சார்ஜர் என்றால் அதன் வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவும், ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். அரை மணி நேரம் சார்ஜ் ஆகட்டும். பிறகும் எழாவிட்டால் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதானால் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பின் சார்ஜரை மட்டும் இணைத்துப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். அதைக் குத்துவதும் அழுத்துவதும் தீ விபத்தில் முடியலாம். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள்.

விளக்கு எரிந்து திரை கருத்திருந்தால்: கைப்பேசி டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்கு ஒளி தரும் பகுதியில்தான் கோளாறு. எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியில் இணைத்து வேலையைத் தொடரலாம். எதுவும் தெரியாவிட்டால் ரேம் அட்டையைக் கழற்றி மறுபடி பொருத்திப் பாருங்கள். அதற்கு முன் சார்ஜரையும் பேட்டரியையும் துண்டித்துவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் இணைப்பு முனைகளில் களிம்பு ஏறுவதுண்டு. 'பீப்' ஒலி கேட்டால் எத்தனை முறை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அதன் பொருள் அந்த மாடலின் கையேட்டில் இருக்கும்.

எழுத்து வந்து அங்கேயே நின்றால்: பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்குங்கள். சில சமயம் கணினி அவற்றில் வின்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும். அடுத்து, தொடங்கும்போதே எஃப்2, எஃப்10 அல்லது டெலிட் பொத்தானைத் தட்டி பயாஸ் பக்கத்துக்குள் போங்கள். அங்கே ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் டிஸ்க்கிலோ அதன் இணைப்பிலோ பழுது. 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் முயன்றால் உள்ளே இருப்பதும் போய்விடும்.

டிஸ்க் தெரிந்தும் வின்டோஸ் பாதியில் நின்றால், மூன்று முறை தொடர்ந்து பாதியிலேயே அணைத்துத் திறங்கள். பழுது நீக்கும் பக்கம் தானாக வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் வழியே போய் ஸ்டார்ட்அப் ரிப்பேர் முயலுங்கள். பலிக்காவிட்டால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோடில் நுழையுங்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதை மட்டும் தொடவே வேண்டாம்.

எதற்கும் அசையாவிட்டால், வேறொரு கணினியில் உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி அதன் வழியே திறக்கலாம். நிறுவாமல், 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும்.

சரி, அந்தத் தங்கையின் கணினி? திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று நின்றது. பயாஸில் டிஸ்க் தெரிந்தது. ஆனால் தேதி பல ஆண்டுகள் பின்னால் கிடந்தது. அதுதான் துப்பு. மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு காசு அளவு பேட்டரி இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். பல பழைய கணினிகளில் பயாஸ் அமைப்புகளைக் காப்பதும் அதுவே. அது தீர்ந்து, தொடங்கும் முறை 'லெகசி'யிலிருந்து 'யூஈஎஃப்ஐ'க்கு மாறிப்போயிருந்தது. புது பேட்டரி போட்டு, பழைய முறைக்கே மாற்றினேன். வின்டோஸ் வந்தது. ஃபார்மேட் செய்திருந்தால் படங்கள் போயிருக்கும். பேட்டரிக் கோளாறோ அப்படியே இருந்திருக்கும்.

இளையவர்களே, கடைக்குக் கொண்டுபோகும் அம்மா அப்பாவுக்கு ஒரு வரி சொல்லிக்கொடுங்கள்: "முதலில் கோப்புகளை எடுத்துக் கொடுங்கள், பிறகு பழுது பாருங்கள்." ஃபார்மேட் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் விளக்குவதில்லை. இன்னொன்று, வின்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினி எழுந்தாலும் வங்கி வேலைக்கு அதை நம்பாதீர்கள்.

படங்களை இரண்டு இடத்தில் பதிந்து கொடுத்தேன். லயத்து வாசல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அவருடைய அப்பா, "பின்னால அந்த வாளி, உங்கம்மா பால் எடுக்கப் போனது" என்றார். அப்படி ஒரு வாளி படத்தில் இருப்பதை அதுவரை அந்த வீட்டில் யாரும் கவனித்ததில்லை.

உங்கள் கணினி இன்று நன்றாக ஓடுகிறதா? பிரதி எடுக்க அதுதான் சரியான நாள்.