வீட்டில் இரண்டு வாளி, ரிவர்ஸ்டனில் ஒரே பை

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் எங்கள் குடும்பம் இரண்டு வேன்களில் ரிவர்ஸ்டன் போனது. சின்னவர்களையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். பகல் சாப்பாட்டுக்குப் பிரியாணிப் பார்சல்; ஒவ்வொன்றும் லன்ச் ஷீட்டில் சுற்றி, அதற்கு மேல் ஒரு பை. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டு பெட்டி. சாப்பிட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் அடைத்து, ஏற்கனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்த ஒரு பீப்பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தோம். வெளியே வீசாமல் பையில் போட்டதே பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தோன்றியது. வேன் திரும்புவதற்குள் குரங்குகள் பையைக் கிழித்துவிட்டன. லன்ச் ஷீட்டுகள் காற்றில் பள்ளத்தாக்குப் பக்கமாகப் பறந்தன. யாரும் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

அதே குடும்பத்தை மாத்தளையில் வீட்டில் பார்க்க வேண்டும். குசினியில் இரண்டு வாளி. சோற்றுக் கழிவும் மரக்கறித் தோலும் ஒன்றில், உக்காதவை மற்றதில். போத்தல்களைத் தனியாகச் சேர்த்து வைப்போம், வாங்குவதற்கு ஆள் வருவார். என் உம்மா யோகட் கப்பைக் கூடக் கழுவிக் காயவைத்த பிறகுதான் வாளியில் போடுவார். ரிவர்ஸ்டனில் அந்தப் பையின் வாயை இறுக்கிக் கட்டித் தந்தவரும் அதே உம்மாதான்.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் பாரும் அவரது சகாக்களும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் சுற்றாடல் விடயத்தில் மிகவும் அக்கறையாக இருப்பவர்கள் கூட, விடுமுறைக்குப் போகும்போது அந்தப் பழக்கங்களைக் கொண்டுபோக விரும்புவதில்லை என்பதே அவர்கள் கண்டது. விடுமுறை என்றால் விடுமுறைதான் என்ற மனநிலை.

ஆனால் மனநிலையை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. வீட்டில் நாம் குப்பையைப் பிரிப்பது பெரும்பாலும் நமது நல்ல குணத்தினால் அல்ல. கலந்து வைத்தால் வண்டிக்காரர் எடுக்காமல் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். போத்தலுக்கு நாலு காசு கிடைக்கும். மலையில் இவை ஒன்றும் இல்லை. அங்கு நம்மைத் தெரிந்தவர் யாருமில்லை, நாளைக்கு அந்த நாற்றத்தோடு இருக்கப்போவதும் நாமில்லை.

மாத்தளைக்காரர்களுக்கு இது இன்னும் கூச்சம் தர வேண்டிய விடயம். குப்பையைப் பிரித்துச் சேதனப் பசளையாக்கும் முறையில் இந்த நகரம் முன்னோடியாக இருந்தது. 2007இல் ஐ.நா.வின் ஆசிய பசுபிக் பொருளாதார சமூக ஆணைக்குழு இதற்கான மாதிரி நிலையங்களை அமைக்கத் தெரிவு செய்த முதல் நகரங்கள் இரண்டு. ஒன்று வியட்நாமின் குய் நோன், மற்றது மாத்தளை. இங்கு அதில் இணைந்து செயற்பட்டது செவனத நிறுவனம். அந்த முறை பங்களாதேஷிலிருந்து வந்தது. டாக்காவில் 1995இல் 'வேஸ்ட் கன்சேர்ன்' அமைப்பைத் தொடங்கிய இப்திகார் எனாயத்துல்லாஹ், மக்சூத் சின்ஹா என்ற இருவரும் வளர்த்தெடுத்தது. இந்த முறையின் உயிர் வீட்டுக் குசினியில்தான் இருக்கிறது. கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கலந்து வந்தால் பசளை வயலுக்கு உதவாது.

இத்தனை வருடம் இதையெல்லாம் பார்த்த ஊர்க்காரர்கள் முப்பது கிலோமீற்றர் மேலே போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம். போவதோ நக்கிள்ஸ் மலைக்கு. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. நாம் விட்டுவிட்டு வரும் பையை அப்புறப்படுத்த வேண்டிய பொறுப்பு நாம் வரி செலுத்தாத ஒரு சிறிய பிரதேச சபைக்குப் போகிறது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தார்கள். பிறகு கொழும்பின் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து 2018இல் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஒருவருடைய குப்பையை இன்னொருவர் ஏன் சுமக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்டோம். நானும் பேஸ்புக்கில் எழுதினேன். இலுக்கும்புரப் பக்கம் இருக்கும் ஒரு விவசாயி அதே கேள்வியை என்னிடம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மக்கள் நடக்கும் பாதையிலும் இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்ற ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! பாதையும் நிழலும் நம் ஊரில் மட்டுமா இருக்கின்றன?

சட்டம் இல்லாமல் இல்லை. 2017 செப்டெம்பரில் லன்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, தட்டு, கரண்டிக்கு வந்தது. 2025 நவம்பர் முதல் கடைகள் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்க முடியாது. இந்தக் கடைசி விடயத்தில் ஒரு வேடிக்கை. ஊரில் அந்தச் சில ரூபாய்க்காகத் துணிப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் நாம், ட்ரிப் போகும் வழியில் கேட்காமலே காசைக் கொடுத்து நாலு பை வாங்குகிறோம்.

பலன் தருவது வாசலில் நடக்கும் சோதனை. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: நுழைவாயிலில் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக் கூட உரித்துவிடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, முன்னால் நிற்பவரும் அதையே செய்கிறார். அமெரிக்காவில் கோல்ட்ஸ்டீன், சியால்டினி முதலானோர் 2008இல் வெளியிட்ட ஹோட்டல் துவாய் ஆய்வும் இதையே சொன்னது. சுற்றாடலைக் காப்பாற்றுங்கள் என்ற அட்டையைப் பார்த்தவர்களில் சுமார் 37 வீதமானோர் துவாயை மீண்டும் பாவித்தார்கள். இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலானோர் அப்படிச் செய்தார்கள் என்று எழுதியிருந்த அறைகளில் அது சுமார் 49 வீதம்.

நம்மிடம் அதற்கு வாகனமும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிட்டால் ஒரு லன்ச் ஷீட் கூட மிஞ்சாது. நான்கு சஹன், ஒரு பெரிய தண்ணீர்க் கேன், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர மூடியுள்ள இரண்டு வாளி. இருபத்திரண்டு பேருக்கு இது போதும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். உம்மா சரி என்றுவிட்டார். வேனில் சஹனை எங்கே வைப்பது, மடியிலா என்று மச்சான் கேட்கிறார். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.