ஏழைப் பிள்ளையின் விடுதிக்குக் காற்று வேண்டாமா?

விடுதி என்றால் நான்கு சுவர், மேலே ஒரு கான்கிரீட் தளம். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று நினைக்கும் அதிகாரிகள் இரும்பையிலிருந்து தெற்கே புதுச்சேரிக்கு ஒருமுறை போய் வரட்டும். அங்கே அரவிந்தர் ஆசிரமத்தில் 'கோல்கொண்டா' என்ற விடுதி இருக்கிறது. பள்ளி விடுதியல்ல, ஆசிரமவாசிகள் தங்குமிடம். ஆசிரமத்தின் தத்துவம் நமக்கு உடன்பாடானதல்ல. ஆயினும் நல்ல வேலையை நல்ல வேலை என்று சொல்ல நாம் தயங்குவதில்லை.

1930களின் பிற்பகுதியில் தொடங்கி யுத்த காலத்தில் முடிந்த கட்டிடம் இது. வரைபடம் செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்டுடையது. உடனிருந்து வேலையை நடத்தியவர்கள் ஜப்பானிய வமிசத்து அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமாவும், செக்கரான சாம்மரும். சாம்மர் அதற்கு முன் மாஸ்கோவில் வேலை பார்த்தவர் என்பது நம் வாசகர்களுக்கு ருசிக்கும்.

இதன் சூட்சுமமெல்லாம் காற்றில் இருக்கிறது. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகப்புகளில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. மேலிருந்து கீழ்வரை திருப்பிவைக்கக்கூடிய சாய்பலகைகள். வெயிலும் மழையும் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். அறைக்கும் நடைக்கும் இடையே சந்துவிட்டு அடித்த தேக்குப் பலகையில் தள்ளுகதவு. மூடினாலும் காற்றோட்டம் நிற்காது. கூரைத் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இரண்டுக்கும் நடுவே காற்றுவெளி. உஷ்ணம் கீழே இறங்குவதில்லை. கீல்களும் தாழ்ப்பாள்களும் வார்க்க ஆசிரமத்துப் பித்தளைப் பாத்திரங்களையே உருக்கினார்கள். சாய்பலகைகள் மட்டும் கல்நார் சிமெண்டு. அந்தத் தூசி நுரையீரலைத் தின்னும் என்பது இன்று தெரிந்த விஷயம், ஆகவே அதை நாம் காப்பியடிக்க வேண்டியதில்லை. மரப்பலகை போதும்.

பணம் எங்கிருந்து வந்தது? நிஜாம் சர்க்காரின் சர் அக்பர் ஹைதரி மூலம் ஒரு லட்சம் ரூபாய். பெயரும் அதனால்தான். நிஜாம் கஜானா யார் வியர்வையில் நிரம்பியது என்பதை 1946ல் கிளர்ந்தெழுந்த தெலிங்கானா விவசாயிகள் சொல்லிவிட்டார்கள். இதே புதுச்சேரியில், 1936 ஜூலை 30ல், ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சுப் போலீசின் குண்டுக்குப் பலியானதையும் மறக்கலாகாது. எட்டு மணி வேலைக்கும் சங்கத்துக்கும் போராடிய அவர்களுக்கு இத்தகைய அறை கனவிலும் கிடைத்ததில்லை.

மரக்காணம் உப்பளத்தில் பகலெல்லாம் வெயிலில் வேகிறவன் தன் பிள்ளையாவது நிழலில் படிக்கட்டும் என்று விடுதிக்கு அனுப்புகிறான். அந்தப் பிள்ளைக்கும் வெந்த தளத்தடியில் புழுங்கும் இரவுதானா? இந்த முறைகளுக்கு மந்திரமோ சீமைச் சரக்கோ தேவையில்லை. திசை பார்த்துக் கட்டுவதற்குக் காசு கேட்பவர் யார்? அடுத்த ஆதிதிராவிடர் நல விடுதிக்கு எஸ்டிமேட் போடும்போதே இருபுறத் திறப்பும், கூரைமேல் காற்றுவெளியும் அதில் எழுதப்பட வேண்டும் என்று சர்க்காரைக் கேட்கிறோம்.